அலமு சொன்னது

காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் ராமராஜன் பதினேழு வருஷமாக நர்ஸ். அவர் ஊசி போட்டால் கைக்குழந்தைகூட அழாது என்று பேர். அந்தப் பேர்தான் தன் காதை அடைத்துவிட்டது என்று இப்போது நினைக்கிறார்.

தென்னேரியிலிருந்து அலமு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கையிலும் தொடையிலுமாக ஆறு கொழுப்புக் கட்டிகள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிடச் சொன்னாள். எடை மெஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது.

"எவ்ளோ வெயிட்மா இருப்பீங்க?"

"அம்பது இருக்கும்பா."

ராமராஜன் ஐம்பது என்றே எழுதினார். ஆள் முப்பத்தெட்டு கிலோதான். எழுதியிருந்த ஐம்பதுக்குத்தான் டாக்டர் தினகரன் மரத்துப்போகிற மருந்தை அளந்தார். ஐந்தாவது கட்டியில் வலிக்கிறது என்றாள். ராமராஜன் இன்னொரு சிரிஞ்ச் நிரப்பிக் கொடுத்தார். அதைப் போட்டுவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

"தம்பி, நாக்கு மரத்துக்கினு வருது. வாயில இரும்ப நக்கினாப்ல இருக்குது. காதுல ஙொய்னு கேக்குதுபா."

"பயத்துல அப்படித்தான்மா இருக்கும். கண்ண மூடிக்கோங்க."

மருந்து அளவு மீறி ரத்தத்தில் ஏறிவிட்டதற்கு அடையாளம் இந்த மூன்றும். அவர் படித்ததுதான். ஆனாலும் டாக்டரைக் கூப்பிடவில்லை.

இரண்டு நிமிஷத்தில் அவள் உதடு துடித்தது. உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. டாக்டர் ஓடிவந்து ஆக்சிஜன் வைத்தார், வலிப்பு மருந்தை நரம்பில் ஏற்றினார். வலிப்பு நின்றது, கூடவே நாடியும் விழுந்தது. ராமராஜன் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். இந்த விஷத்தை இறக்குகிற வெள்ளைக் கொழுப்பு மருந்து அங்கே ஒரு பாட்டில்கூட இல்லை. ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அது ஏறியது.

அலமு பிழைத்தாள். ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாத அந்த நிமிஷங்கள் அவளைப் பாதியாக்கிவிட்டன. சோற்றைப் பிசைந்துவிட்டு, எதற்குப் பிசைந்தோம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மாதம் கழித்து ராமராஜன் தென்னேரிக்குப் போனார். மகள் ஜீவிதா நாற்காலி போட்டாள்.

"வலிப்பு வர்றதுக்கு முன்னாடி அம்மா எதனா சொன்னாங்களாண்ணா? டாக்டரக் கேட்டேன், ஒண்ணும் சொல்லலன்னாரு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்போது அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

"சொன்னாங்கம்மா. நாக்கு, வாய், காதுன்னு மூணும் சொன்னாங்க. நான்தான் பயம்னு சொல்லி கண்ண மூடச் சொன்னேன்."

ஜீவிதா எழுந்து வாசல் கதவைத் திறந்தாள். பிறகு, "நீங்க கெளம்புங்கண்ணா," என்றாள்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளை மருந்து இருக்கிறது. ஊசி போடும்போது ராமராஜன் நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே இருக்கிறார். தென்னேரிக்கு அவர் மறுபடி போகவில்லை. ஜீவிதாவும் கூப்பிடவில்லை.