வால்பாறைக்குத் திரும்பிய தவளை

இன்வெர்ட்டர் பழுதாகவில்லை என்பதை, எங்கள் கரையான்சாவடி வீட்டுக்கு இரண்டாம் முறை வந்த எலெக்ட்ரீஷியன் சற்றுக் கோபமாகவே சொன்னார்.

"மெஷின் நல்லாத்தான் கீதுக்கா. சத்தம் அந்தச் செடித் தொட்டிலேர்ந்து வருது பாரு."

பொழுது சாய்ந்ததும் 'டிக், டிக்' என்று மூன்று நாட்களாக எங்களை அலைக்கழித்த ஒலி, மாமா வால்பாறையிலிருந்து கொண்டுவந்த பெரணிச் செடியிலிருந்துதான் வந்தது. இலையடியில், என் கட்டைவிரல் நகமளவே இருந்த ஒரு தவளை தொண்டையைக் குமிழியாக ஊதிக்கொண்டிருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி; எங்களோடுதான் இருந்தார். நண்பரின் கல்யாணத்துக்குப் போன இடத்தில், எஸ்டேட் பள்ளி டீச்சர் ஒருவர் அந்தச் செடியைக் கொடுத்தாராம். தவளை புதர்த்தவளைப் பேரினத்தைச் சேர்ந்தது, குளிர்ந்த மலைச்சோலைகளை விட்டு இறங்காதது என்று கைபேசியில் தேடிப் படித்துக்காட்டினார்.

ஒன்பது வயதில் அதிலிருந்து நான் எடுத்த முடிவில் இன்றும் தர்க்கப் பிழை காண முடியவில்லை. சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் மலைக்கு நிகரான இடம் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலை, கொத்தமல்லி எடுக்க ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டை இழுத்த அம்மாவின் அலறலில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். தவளை மட்டும் வெண்டைக்காய்மேல் நிதானமாக அமர்ந்திருந்தது.

ஏரிக்கரையில் விட்டுவிடச் சொன்னார் அப்பா. வெயிலில் செத்துவிடும் என்று நான் சாப்பிடாமல் அழுதேன்.

மாமா எழுந்தார். "பாவம்க்கா அது. நானே வால்பாறைல விட்டுட்டு வரேன்."

"தயிர் வாங்கிட்டு வாடான்னா மூணு தடவ சொல்லணும் உனக்கு!" என்றாள் அம்மா.

"தவளைக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார் அப்பா.

மாமா முடிவெட்டிக்கொண்டு, புதுச்சட்டையை இஸ்திரி போட்டு, வாசனைத் திரவியம் பூசிப் பூந்தமல்லியில் பேருந்தேறினார். ஒரு தவளைக்கு இவ்வளவு மரியாதை செய்தவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம், அது நலமா என்று பார்த்துவர மறுபடியும் போனார். அதற்கடுத்த மாதமும் பையை எடுத்துவைத்தபோது, அவர் வீணாக அலைவதைப் பொறுக்காமல், உண்மையைச் சொல்லிவிடுவதே நியாயம் என்று தோன்றியது.

"மாமா, அது உங்களை எப்பவோ மறந்திருக்கும்."

தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது. எழுந்து பால்கனிக்குப் போய், யாரையோ கைபேசியில் அழைத்துத் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். காட்டுயிர்களின் இயல்பை அவரிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கக் கூடாதென்று நான் வருந்தினேன்.