டிரம்மர் மாசானத்தின் ஆறு நாள் டூர்

ராக் பேண்ட் டூர் போனால் விமானம், பெரிய ஹோட்டல், கையெழுத்து கேட்டுத் துரத்தும் கூட்டம் என்று ஏதேதோ சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே டூர் மறைமலை நகரில் தொடங்கி, ஒரகடத்தைச் சுற்றி, சுங்குவார்சத்திரத்தில் முடிந்தது. வண்டி என்னுடைய குட்டி யானை. ஓட்டியவன் படப்பை முனிரத்தினமாகிய நான். கலைஞர்கள் நாலு பேரும் பின்னால் ஸ்பீக்கர் மேல் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். ஆகவே அந்த டூரை முழுசாகக் கண்விழித்துப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

பேண்டின் பெயர் எமர்ஜென்சி ஸ்டாப். மெஷினை அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்பு பட்டன் இருக்கிறதே, அது. அதை ஒருநாளும் அழுத்தத் தைரியம் வராத நாலு பேர் சேர்ந்து வைத்த பெயர். நாலு பேருக்கும் ஒரே கம்பெனியில் பி ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு லைனில் நிற்கவேண்டும், அதற்குள் ராக் முடிந்துவிட வேண்டும். ஆயுத பூஜையன்று லீவு என்பதால் கம்பெனிகள் ஆளுக்கொரு நாளாக முந்தைய வாரமே பூஜை போட்டுவிடும். இவர்களுக்கு அதுதான் சீசன்.

டிரம்ஸ் வாசிக்கிற மாசானத்துக்குச் சங்கரன்கோவில் பக்கம். நாள் முழுக்க போல்ட் முறுக்குகிறவன். அந்த ஆத்திரத்தையெல்லாம் டிரம்மில்தான் இறக்குவான். பெண்டாட்டி மாரிசெல்வி சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சி ஷிப்ட். அவள் காலையில் வீட்டுக்கு வரும்போது இவன் என் வண்டியில் ஏறியிருப்பான். இவன் ராத்திரி திரும்பும்போது அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பாள். ரிகர்சல் தொடங்கிப் பதினோரு நாளாக இதே கதை. ராகு கேதுகூட எப்போதாவது கிட்டே வரும் என்று நினைக்கிறேன்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவள் இவன் வாசித்துக் கேட்டதே இல்லை. அவர்கள் குடியிருப்பது பன்னிரண்டு ரூம் வரிசை வீடு. எந்த நேரமும் அதில் ஏதாவது ஒரு ஷிப்ட் தூங்கிக்கொண்டிருக்கும், குச்சியைத் தொட்டாலே சண்டைக்கு வருவார்கள். இந்த லட்சணத்தில் அவளுக்கென்று ஒரு பாட்டு வேறு போட்டு, அதை அவளிடம் சொல்லியும் வைத்திருந்தான். டூரின் கடைசிக் கச்சேரி அவள் கம்பெனியில்.

"அண்ணே, மத்த எடத்துல எப்படிப் போனாலும் போவட்டு. சனிக்கிழம மட்டும் நல்லா வந்திரணும். அவ ஒருவாட்டியாவது கேக்கணும்லா."

"கேக்கும்பா. இன்னாத்துக்கு டென்சன் ஆவுற?" என்றேன்.

மற்ற இடங்கள் அவன் வாய்முகூர்த்தப்படியே போயின. மறைமலை நகரில் மூன்றாவது பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது டீ நேரச் சங்கு ஊதியது. கூட்டம் எழுந்து போனதில் ஆச்சரியமில்லை. மேடையில் இருந்த நாலு பேரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு டீக்கு வரிசையில் போய் நின்றார்கள். பாதி டீ குடித்த பிறகுதான் பாடகன் சக்திகுமாருக்கு, தான் இன்றைக்குத் தொழிலாளி இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஒரகடத்தில் வேறு கூத்து. உள்ளே கொண்டுபோகும் சாமான் அத்தனையும் கேட்டில் எழுத வேண்டும், எழுதியபடியே வெளியே வர வேண்டும். 'டிரம் குச்சி இரண்டு' என்று எழுதியிருந்தார்கள். மாசானம் வாசித்த வேகத்தில் ஒன்று முறிந்தது. திரும்பும்போது செக்யூரிட்டி மூன்று துண்டுகளை எண்ணிப் பார்த்து, "ஒன்னு எக்ஸ்ட்ரா கீதே. கம்பெனி மெட்டீரியலா?" என்று நிறுத்திவைத்துவிட்டார். துண்டுகளை ஒட்டவைத்துக் காட்டி வெளியே வர முக்கால் மணி நேரம். கையெழுத்து கேட்டார்கள், உண்மைதான். கேட் ரிஜிஸ்டரில்.

சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்குப் பந்தலில் முந்நூறு பெண்கள். ராத்திரி முழுக்க வேலை பார்த்த சி ஷிப்டை வீட்டுக்கு அனுப்பாமல், ஒரே குடும்பமாகக் கொண்டாடலாம் என்று ஹெச்.ஆர். பிரவீனா மேடம் உட்கார வைத்திருந்தார். பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான். மடியில் பொரிப் பொட்டலத்தோடு மாரிசெல்வி மூன்றாவது வரிசையில் இருந்தாள். மாசானம் கையாட்டினான், அவளும் ஆட்டினாள். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த ஆறு நாளில் அதுவரை நான் பார்க்கவில்லை.

இரண்டு பாட்டு முடிந்தது. "அடுத்தது நம்ம டிரம்மர் போட்ட பாட்டு" என்று சக்திகுமார் அறிவித்தான். அது டிரம்ஸ் இடியோடு தொடங்கும் பாட்டு. மாசானம் குச்சியை ஓங்கிவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தான். மாரிசெல்வி பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வரிசையே தூங்கியது.

ஓங்கிய கை இறங்கவில்லை. அப்புறம் குச்சிகளை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"இது வேண்டாம்டே. அமைதியா ஏதாச்சும் எடு," என்றான் சக்திகுமாரிடம். விரல் நுனியால் டிரம்மைத் தடவினான். ராக் பேண்ட் தாலாட்டு வாசிப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். பத்து நிமிஷத்தில் பந்தலே தூக்கத்தில் சரிந்துவிட்டது.

பிரவீனா மேடம் மேடையோரம் ஓடி வந்தார். "இன்னாங்க இது? எனர்ஜியே இல்ல! எழுப்பி விடுங்க அவங்கள!"

"அவ தூங்குதத நான் பாத்துப் பதினோரு நாளாச்சு மேடம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றான் மாசானம்.

மேடம் மைக்கை அணைக்கச் சொன்னார். அடுத்த வருஷம் வேறு குழுவாம். மைக் போனபிறகும் அவன் வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஹாரன் அடித்ததும் முந்நூறு பேரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையருகே ஓடி வந்தாள்.

"நம்ம பாட்டு ரொம்ப நல்லாருந்துச்சு," என்றாள். "அந்தக் கடைசி எடம் இருக்குல்லா, அழுகையே வந்துட்டு."

எனக்கு நாக்கு அரித்தது. மாசானம் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"நெசமாவா? அந்த எடம் நானே யோசிச்சுப் போட்டதுட்டீ," என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். அந்த ஆறு நாளில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, வாசிக்காத அந்தப் பாட்டுக்குத்தான்.