மகளின் ஆராய்ச்சிக்கு நான் போட்ட விருந்து

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு பழைய லோரியோடு தொழிலை ஆரம்பித்தேன். இன்று குலாய் வட்டாரத்தில் என் லோரி போகாத சாலை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். இவ்வளவு செய்த எனக்கு, இளைய மகளின் வேலை மட்டும் பிடிபடவே இல்லை.

அவள் புவியியல் படித்து, பல்கலைக்கழகத்தில் புதிதாக விரிவுரையாளர் ஆனவள். புவியியல் என்றால் மலையும் ஆறும் என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ, செடெனாக் பக்கம் நாங்கள் முன்பு குடியிருந்து, பிறகு மூடிப்போன ரப்பர் தோட்டத்து ஆட்கள் எங்கே குடிபோனார்கள், அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று வரைபடம் போடப்போகிறாளாம். வேலைக்குப் புதியவர்களுக்கென்றே தரும் சின்ன மானியம் ஒன்று அதற்குக் கிடைத்திருந்தது. தொகையைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.

"இதுக்கா இந்தக் குதி குதிக்கிற? என் லோரிக்கு டயர் மாத்தக்கூட பத்தாது. நான் தரேன்லா."

"உங்க காசு வேணாம்ப்பா. எத்தனையோ பேரு கேட்டதுல எனக்குக் குடுத்திருக்காங்க. இதை ஒழுங்கா முடிச்சாத்தான் அடுத்தது கேட்க எனக்கு மூஞ்சி இருக்கும்."

அது விளங்கவில்லை. ஆனால் கெடு நெருங்கியும் அவள் பாதி வீடுகளில்கூடப் போய்க் கேட்டு முடிக்கவில்லை என்பது விளங்கியது. ஒரே நாளில் கேட்டு முடிக்கட்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் எங்கள் குடியிருப்பான தாமானின் மண்டபத்துக்கு வரவழைத்தேன். என் வண்டிகளே போய் ஏற்றி வந்தன. வாழையிலை போட்டு ஆட்டுக்கறி. வேறு யாரால் முடியும்?

மகள் திகைத்து நின்றாள். வந்தவர்களை அனுப்பவும் முடியாமல், கேள்வித்தாளோடு உட்கார்ந்தாள்.

"இப்ப இருக்கற வீடு எப்படிக்கா?"

"நல்லா இருக்குமா. நம்ப தவுக்கே இருக்கறப்ப என்ன குறை?" என்றாள் ஒரு பெண். தவுக்கே, அதாவது முதலாளி, நான்தான்.

எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். என் பழைய கூட்டாளி எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "எல்லாத்துக்கும் அதையே எழுதிக்கமா, கறி ஆறுது" என்றான். மண்டபமே சிரித்தது.

எல்லாரும் போனபின் மகள், "எல்லாம் வீணாப் போச்சுப்பா" என்றாள்.

"அலமாக்! எல்லாருந்தான் பதில் சொன்னாங்களே!"

"உங்க சோத்தைத் தின்னுட்டு, உங்க முன்னாலயே யாருப்பா குறை சொல்லுவாங்க? இதைச் சேர்த்தா ஆராய்ச்சி பொய். விட்டா கெடுவுக்குள்ள முடியாது."

நல்லா இருக்கிறோம் என்பது நல்ல சேதிதானே? எனக்குத் தலை சுற்றியது.

மறுநாள் வீடு வீடாகக் கேட்க என் காரிலேயே அவளைக் கூட்டிப்போனேன். முதல் வீட்டில், முந்தின நாள் "என்ன குறை" என்று கேட்ட அதே பெண். என்னைப் பார்த்ததும் கோப்பி கலக்க ஓடினாள்.

"நீங்க காரிலேயே இருங்கப்பா."

கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அந்தப் பெண் அழும் சத்தம் கேட்டது. மகள் வெளியே வந்ததும், "என்னம்மா சொன்னா?" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டேன்."

"அவங்க என் ஆளுங்கம்மா!"

"அதனாலதாம்ப்பா. நீங்க வராம இருந்தா முடிச்சிடுவேன்."

அன்றிலிருந்து பஸ்ஸிலும் நடையிலும் தனியாகவே போனாள். உடம்பு பாதியானது, ஆனால் கெடுவுக்குள் முடித்துவிட்டாள். வரைபடத்தை எனக்கும் விரித்துக் காட்டினாள். எங்கள் ஆட்கள் இருக்கும் தாமான்களில் பாதி சிவப்பு. சிவப்பு என்றால் கஷ்டம் அதிகமாம்.

சிவப்பு இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். தினம் என் லோரி போகிற வழிதான் எல்லாம். பார்த்தால் கை ஆட்டுவார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செய்யாமலா போயிருப்பேன்? ஏன் சொல்லவில்லை?

மகளிடம் கேட்டேன். அவள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, "அதைக் கேட்கறதுக்கு இன்னொரு மானியம் வேணும்ப்பா" என்றாள்.