கருப்பாயி துப்பாத மாத்திரை

“ஏம்மா, மாத்திரைய முழுங்குறியா, துப்புறியா?”

டாக்டர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. எரியோடு என்ற ஊரிலிருந்து ரத்தபேதியோடு வந்த கருப்பாயிக்கு எழுந்து உட்காரவும் தெம்பில்லை. “எம்புள்ளைக சத்தியமாத் துப்பலய்யா” என்று அழுதார். மாத்திரை உள்ளே போகிறது, பேதி நிற்கவில்லை. இப்படியே விட்டால் ஆள் தேறாது. காரணம் கண்டுபிடிக்கும் வேலை லேப் டெக்னீஷியனான என் தலையில் விழுந்தது. அறுபதுகளில், திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி.

1. சூசை அண்ணனின் சூப்பு

கிருமிக்கும் சாப்பாடு வேண்டும். ஆட்டுக்கறி வேகவைத்த தண்ணீரில் அகார் என்ற கடற்பாசிப் பொடி கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைப்போம். அதுதான் பிளேட். கறி வேகவைப்பவர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் சூசை அண்ணன். கருப்பாயியின் பேதியைத் தேய்த்து வைத்து மறுநாள் பார்த்தால், பிளேட்டில் கிருமி ஒரு புள்ளிகூட வளரவில்லை. மிச்சத் தண்ணீரை மோந்தேன். பூண்டு வாசம் தூக்கியது!

“என்னண்ணே போட்டீங்க?”

“கல்லுப்பு கொஞ்சம் தூக்கலா, பூண்டு, மஞ்சள். வெறுங்கறிய எவன் தம்பி திம்பான்?”

உப்பும் பூண்டும் இருந்தால் கிருமி எப்படி வளரும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றாக வைதுவிட்டேன். இரண்டாவது தடவை வெறுங்கறி வெந்தது.

2. சிவப்புப் புள்ளிகள்

இந்த முறை கிருமி செழிப்பாக வளர்ந்தது. அதை இன்னொரு பிளேட்டில் தேய்த்து, மருந்தில் நனைத்த காகித வில்லைகளை மேலே வைத்துப் பார்த்தேன். கருப்பாயி விழுங்கிய மருந்தை ஒட்டியே கிருமி மண்டியிருந்தது. வேறொரு மருந்தைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லாத சுத்தமான வட்டம். டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார்.

அவருக்கு ஒரு சந்தேகம்: மருந்தைத் தாங்கும் சக்தி கிருமிக்குக் கிருமி கைமாறுமோ? கருப்பாயி முதலில் விழுங்கிய மருந்துக்குச் சாகக்கூடிய சாதுக் கிருமி ஒன்று லேபில் இருந்தது. இரண்டையும் ஒரே டியூபில் ஓர் இரவு வைத்துவிட்டு, அதே மருந்து கலந்த பிளேட்டில் தேய்க்கச் சொன்னார். பேதிக் கிருமி நிறமில்லாமல் வளரும், சாது சிவப்பாக வளரும். காலையில் பிளேட்டில் சிவப்புப் புள்ளிகள்! சாதுவும் மருந்தைத் தாங்கக் கற்றுவிட்டது.

“பக்கத்து வீட்டுல உறைமோர் வாங்குற மாதிரிய்யா. ஒண்ணுகிட்ட இருந்து இன்னொண்ணு வாங்கிருச்சு” என்றார் டாக்டர்.

கைமாறியது பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையம். பிற்காலத்தில் விஞ்ஞானிகள் அதே மாதிரி வளையத்தை வெட்டி, வேற்று உயிரின் மரபணுவை ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்பினார்கள். இன்சுலின்கூட அப்படித்தான் வருகிறது. படித்தபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கருப்பாயி தேறி, ஒரு பந்து மல்லிகையோடு வந்தார்.

“அன்னைக்கு வஞ்சுட்டேன், மனசுல வச்சுக்காதம்மா” என்றார் டாக்டர்.

“மாத்திரைய நாந் துப்பலய்யா. ஒங்க ஆஸ்பத்திரிக் கஞ்சியத்தான் துப்புனேன். உப்புமில்ல, ஒறப்புமில்ல!”

நோயாளியைத் திட்டுமுன் கிருமியைக் கேள் என்று அதன்பிறகு லேபுக்கு வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அன்று கஞ்சி வாளியோடு அங்கே வந்த சூசை அண்ணன் என்னைத்தான் முறைத்தார்.

“பாத்தீகளா தம்பி? உப்புப் போட்டா நீங்க வையுறீக, போடாட்டி அவுக துப்புறாக!”