டர்போவுக்கு நல்ல தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில், டர்போ வைத்த பழைய டீசல் கார் ஒன்றை வாங்கித் திருச்சுழியில் வாடகைக்கு ஓட்டினேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். இழுவை பிரமாதமாக இருக்கும். ஆனால் டர்போ நெருப்பாகக் கொதிக்கிற சாமான். வண்டி நின்றதும் சாவியைத் திருகிவிடக் கூடாது. எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கிற எண்ணெய் தீய்ந்து கரியாகிவிடும்.

அந்தக் கோடையில்தான் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். ஞாயிறு தவிர தினமும் மதுரைக்குப் போய்க் கரண்டு வைக்க வேண்டும். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நடுவில் ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோவேன். ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்க வாட்ச்மேன் விடமாட்டார். நிறுத்து, அவளைத் தூக்கு, ஓடு. இரண்டாம் வாரமே, காரியாபட்டி தாண்டியதும் நீலப் புகை கக்கி டர்போ போய்விட்டது. அன்றைய சிகிச்சையும் போயிற்று. கருவேல நிழலில் அவளைப் படுக்க வைத்துவிட்டு, வண்டியை ஓங்கி உதைத்தேன்.

"அது என்ன செய்யும்? விடுங்க" என்றாள்.

வேறு டர்போ மாட்டினேன். அதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று யோசித்தபோது, தோட்டத்துப் பம்புசெட்டு ஆயில் எஞ்சின் நினைவுக்கு வந்தது. அதை ஆறவைக்கப் பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர் இருக்கும். சூடானது மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். அருப்புக்கோட்டையில் விசைத்தறிச் சாமான் செய்கிற லேத்துப் பட்டறைக்குப் போய், டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றிச் செம்புக் குழாய் வளைத்து, அதற்கு மேலே உயரமாக ஒரு தகர டப்பாவை வைத்து இணைத்தோம். எஞ்சின் நின்ற பிறகும் தண்ணீர் தானாகச் சுற்றும். "கல்யாண வீட்டு வெந்நீர் அண்டா தோத்துச்சு" என்று பட்டறைக்காரர் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும். வேலை செய்தது.

ஆனால் தண்ணீர் தினமும் ஆவியாகிப் போகும், தினமும் ஊற்ற வேண்டும். எங்கள் ஊர் போர்த் தண்ணியோ உப்பு. சில நாட்களிலேயே குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டது. கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். லாரியில் எப்போதோ வருகிற தண்ணீர் அது.

"குடிக்கிற தண்ணிய காருக்கு ஊத்துறீகளே, தெருவுல பாக்குறவுக என்ன நினைப்பாக?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"நினைச்சுட்டுப் போறாக" என்றேன்.

தெரு பார்க்கத்தான் செய்தது. எதிர்வீட்டம்மாவுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. லாரி வந்தபோது யார் குடம் முந்தி என்று வந்த சண்டையில் நான் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன். ஒரு நாள் காலையில் அந்த அம்மா, ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கார்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு செம்பு, அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒரு குடம். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெறும் குடங்களை அவரவர் வாசலில் வைத்துவிட்டு வண்டியை எடுப்பேன்.

அதன்பின் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. அவள்தான் இளைத்துக்கொண்டே போனாள். சிகிச்சை முடிய சில நாட்களே பாக்கி இருந்தபோது, ஒரு விடியற்காலையில் எழுப்பப் போனேன். உடம்பு சில்லிட்டிருந்தது. கோடை முழுக்கச் சூட்டோடு மல்லுக்கட்டிய எனக்கு, அந்தக் குளிர்ச்சியைத் தாங்க முடியவில்லை. கதறி அழுதேன்.

நீர்மாலை எடுக்க வேண்டும். இறந்தவரைக் குளிப்பாட்ட ஊர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது முறை. கிணறு வறண்டு கிடந்தது. போர்த் தண்ணியே போதும் என்றார்கள் சொந்தக்காரர்கள். எதிர்வீட்டம்மா காருக்குப் பக்கத்தில் போனார். விஷயம் தெரியுமுன்பே வழக்கம்போல் தெருவார் வைத்துவிட்டுப் போன குடங்கள் அங்கே இருந்தன. ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இது அவளுக்குன்னு வச்ச தண்ணி. இதுலயே குளிப்பாட்டுவோம்."

மற்ற பெண்களும் ஆளுக்கொரு குடம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் நல்ல தண்ணீரில் குளித்தவள் அவள் ஒருத்திதான்.