ஒன்பதாவது வாசல் வரை கூட வந்த ஸ்டெல்லா

ஸ்டெல்லா போய்விட்டாள். காலையில் அவள் தம்பி மகன் போன் செய்து சொன்னான்... தூக்கத்திலேயே.

என் நண்பர்கள் பலருக்கு அவளைத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் எட்டாவதோடு முடிந்துவிடும் ஒரு பள்ளிக்கூடம். நானும் அவளும் அங்கே ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். நான் தமிழ், அவள் கணக்கு. சாந்தோம்காரி, சத்தமாகச் சிரிப்பாள்.

அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. பதினோராவதில். எட்டாவது முடித்ததும் பிள்ளைகள் வேறு ஹைஸ்கூலுக்குப் போகவேண்டும், ஒன்பதாவதில் சேரும்போதே அல்ஜீப்ரா எல்லாம் வரும் காம்போசிட் மேத்ஸா, சுலபமான ஜெனரல் மேத்ஸா, டைப்ரைட்டிங் உள்ள செக்ரடேரியல் கோர்ஸா என்று சொல்லிவிடவேண்டும். ஜெனரல் மேத்ஸ் எடுத்தால் பின்னால் காலேஜில் சயின்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பெற்றோருக்கும் தெரியாது. பாதிப் பெண்கள் எட்டாவதோடு நின்றே போவார்கள்.

ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா எட்டாவது வகுப்பு முழுவதையும் வரிசையாக நடத்தி, ஒரு ஹைஸ்கூலைக் காட்டக் கூட்டிப்போனாள். துணைக்கு நான்.

"அங்க இங்கிலீஷ்லதான் திட்டுவாங்களாமே டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தமிழ்லதான் திட்டுவாங்க. நான் விசாரிச்சிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. ரோட்டிலேயே அத்தனை பேரும் சிரித்தார்கள்.

உள்ளே போய் லேப், லைப்ரரியோடு தண்ணீர்க் குழாய், பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டினாள். பாத்ரூம் வசதி இல்லாததும் பெண் பிள்ளைகள் நின்றுபோவதற்கு ஒரு காரணம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்த வகுப்பில் தேசம்மா என்று ஒரு பெண். பட்டினப்பாக்கம். அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பார். கணக்கில் அவள்தான் முதல், காம்போசிட் மேத்ஸ் எடுக்கட்டும் என்றாள் ஸ்டெல்லா.

"அந்தப் பக்கத்துப் பொண்ணுங்களுக்கு ஜெனரல் மேத்ஸ் போதும். ஃபெயிலானா யார் பதில் சொல்றது?" என்றார் எங்கள் ஹெட்மாஸ்டர்.

"நான் சொல்றேன் சார்" என்றாள் ஸ்டெல்லா.

ஆனால் தேசம்மாவோ டைப்ரைட்டிங்தான் வேண்டும் என்றாள்! "நீயே காம்போசிட்னு எழுதிடேன்டி, அவ சின்னப் பொண்ணு" என்றேன் நான் ஸ்டெல்லாவிடம். "படிக்கப்போறது நானா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டெல்லா அவளை ஒரு பள்ளியின் டைப்ரைட்டிங் ரூமில் ஒரு நாளும், இன்னொரு பள்ளியின் கணக்கு வகுப்பில் ஒரு நாளும் உட்காரவைத்தாள். அதற்காக அந்த ஆசிரியர்களிடம் எவ்வளவு கெஞ்சினாளோ...

இரண்டையும் பார்த்துவிட்டு வந்து தேசம்மா சொன்னது:

"மிசின் சோக்காத்தான் கீது டீச்சர். ஆனா அவங்க குடுக்கறதத்தான் அடிக்கணும். கணக்குல நானே கண்டுபுடிக்கலாம்."

இனி அவள் அம்மாவைச் சம்மதிக்கவைக்க வேண்டும். நாங்கள் போனபோது அவர் மீன் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டாவது படிச்சிக்கீதே, போதாதா டீச்சரம்மா? கணக்கு படிச்சா இன்னா ஆவும்?"

"தெரியாதும்மா" என்றாள் ஸ்டெல்லா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆனா இப்ப வேணாம்னு எழுதிட்டா, அப்புறம் இவளே ஆசைப்பட்டாலும் அந்தக் கதவு தொறக்காது."

அந்த அம்மா மகளைப் பார்த்தார்.

"சரி... தொறந்தே கெடக்கட்டும்" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பதாவது காலாண்டுத் தேர்வில் தேசம்மா கணக்கில் ஃபெயில்.

"பாத்தீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர். ஸ்டெல்லா அந்த ஹைஸ்கூலுக்கு நேரே போய்க் கணக்கு ஆசிரியையிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அங்கே அல்ஜீப்ராவை நடுவிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் அது வந்ததே இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் தேசம்மாவுக்கு ஸ்டெல்லா வீட்டில் பாடம். நானும் வேடிக்கை பார்க்கப் போவேன்.

"எக்ஸுன்னா இன்னா டீச்சர்? பேரு தெரியாத ஆளா?"

"அதேதான். நீதான் அவன யாருன்னு கண்டுபுடிக்கணும்."

அரையாண்டில் பாஸ். மறுவருடத்திலிருந்து எட்டாவது முழுப்பரீட்சை முடிந்தபிறகும் ஸ்டெல்லா பிள்ளைகளை விடவில்லை. ஹைஸ்கூலுக்குப் போகும் எல்லோருக்கும் ஏப்ரல் வெயிலில் அல்ஜீப்ரா, கூடவே ஆளுக்கு ஒரு டம்ளர் நன்னாரி சர்பத். சர்பத்துக்காக வந்தவர்களும் உண்டு... வந்தார்களே, அது போதும் என்பாள்.

தேசம்மா பி.யு.சி.யில் கணக்கு எடுத்தாள், பிறகு எம்.எஸ்சி. ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். அவள் அம்மா பட்டமளிப்பு விழாவுக்கு வந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லாவும் நானும் பின்வரிசையில்.

போன மாதம் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை, குரல் மட்டும் அப்படியே.

"விஜி, ரோபாட்டிக்ஸ்னா என்னடி? உன் போன்ல பாத்துச் சொல்லு."

"இந்த வயசுல உனக்கு எதுக்குடி அது?"

"மாடி வீட்டுப் பொண்ணு அடுத்த வருஷம் ஒன்பதாவது போறா, அங்க அதுவும் ஒரு பாடமாம். வந்து கேட்டா நான் என்ன சொல்வேன்?"

இன்று மாலை சாந்தோமில் அவள் வீட்டிலிருந்து கல்லறைக்குப் புறப்படுகிறோம். தெரிந்தவர்கள் வாருங்கள், வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிம்மதியாகத் தூங்குடி, ஸ்டெல்லா.