கேட்காமல் எழுதிய ஒரு வரி

கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. எங்கள் சங்கத் தலைவி கலா அக்கா நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டார் என்று யாரோ சொன்னதை நம்பி, ஃபேஸ்புக்கில் அப்படியே எழுதிவிட்டேன்.

மறுநாள் பேச்சுவார்த்தையில் மேனேஜர் அதைக் காட்டி, "உங்க ஆளுங்களே உங்கள நம்பல. நாங்க ஏன் பேசணும்?" என்றாராம். வெளியே வந்த அக்கா, "என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சாந்தி?" என்று மட்டும் கேட்டார். பதிவை உடனே நீக்கினேன். அதற்குள் எல்லார் போனுக்கும் போய்விட்டது. அக்கா பொறுப்பிலிருந்து விலகினார். சங்கம் இரண்டாக உடைந்தது. நிர்வாகம் நீட்டிய ஒப்பந்தத்தில் மறுபேச்சின்றிக் கையெழுத்தானது.

இப்போது எதைக் கேள்விப்பட்டாலும், போனைத் தொடாமல் சம்பந்தப்பட்டவரிடமே நேரில் கேட்கிறேன். கலா அக்காவிடம்தான் எதுவும் கேட்க முடியவில்லை. பெருங்களத்தூர் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிறார்.

– சாந்தி, பெருங்களத்தூர்